படியும் தராசும்

நம் நாட்டில் கிலோகிராம் சட்டமானது 1871-ஆம் வருஷம். இதை முதன்முறையாகக் கேட்பவர்கள் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். பிழை அல்ல. மேயோ பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது இயற்றிய ஒரு சட்டம், 'சேர்' என்ற எடைக்குப் புதிதாக இலக்கணம் வகுத்தது. பிரெஞ்சுக்காரர்களின் கிலோகிராம் எவ்வளவோ அவ்வளவுதான் இனி ஒரு சேர் என்றது. பெயர் நம்முடையது, உடம்பு பிரெஞ்சு தேசத்தது! ஆனால் அடுத்த வருஷமே மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டார். சட்டம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. கடைத்தெருவில் ஒருவரும் அதை லட்சியம் செய்யவில்லை. மெய்யான கிலோ கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது 1958 அக்டோபர் 1-ஆம் தேதி. எண்பத்தேழு வருஷம் தாமதம். நம் ஊர் ரயில்கள்கூட இவ்வளவு தாமதமாக வந்ததில்லை.

1957 ஏப்ரலில் அணாவும் தம்படியும் போய் நயா பைசா வந்தது. மறு வருஷம் கிலோ வந்தது. 1962 ஏப்ரல் 1 முதல் பழைய அளவுகள் எல்லாம் சட்டவிரோதமாயின. ஐந்தே வருஷத்தில் ஒரு தேசம் முழுவதும் தன் வாய்பாட்டை மறந்து வேறொன்றை நெட்டுருப் போட வேண்டியிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே அளவு கஷ்டம் என்று சொல்ல முடியாது. வடநாட்டின் பல பகுதிகளில் தானியத்தை முன்பே நிறுத்துத்தான் விற்றார்கள். 933 கிராம் கொண்ட சேரை விட்டுவிட்டு 1000 கிராம் கொண்ட கிலோவுக்குப் போவது அவர்களுக்கு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குடி போவது போலத்தான். நமக்கு அப்படி இல்லை. இங்கே மாறியது அளவு மட்டும் அல்ல, அளக்கிற முறையே மாறிற்று. ஆயிரம் வருஷமாக முகந்து அளந்த அரிசியைத் தராசில் ஏற்று என்றார்கள்.

பழைய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். அங்கே படியும் உண்டு, தராசும் உண்டு. அரிசி, பருப்பு, உளுந்து, எள், மிளகு எல்லாம் படியிலும் ஆழாக்கிலும். வெல்லம், புளி, மிளகாய், காய்கறி எல்லாம் வீசையிலும் பலத்திலும். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் பலம் 35 கிராம், வீசை 1400 கிராம். கொட்டினால் ஓடுகிற சாமான் படிக்கு, கட்டியாகவும் கொத்தாகவும் இருக்கிற சாமான் தராசுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை. புளியைப் படியில் அடைத்து அளந்தால் அடைக்கிறவன் கை பலத்தைப் பொறுத்தல்லவா இருக்கும்? எவ்வளவு நியாயமான பிரிவினை!

இந்தப் பிரிவினை நேற்று ஏற்பட்டதல்ல. 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் அதைக் காணலாம். அங்கே பொன்னை நிறுக்கிற கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். நெல்லை அளக்கிற மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். கூத்தாடும் பெருமானின் பெயரைத் தாங்கிய அளவில் குறைக்கத் துணிகிறவன் யார் என்று சோழன் எண்ணியிருக்கலாம். அந்த மரக்கால் 'ராஜகேசரி' என்னும் மரக்காலோடு ஒக்கும் என்று உத்தரவாதமும் பொறித்து வைத்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் மடைப்பள்ளிக்கு அரிசி, நெய், தயிர் எல்லாம் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று முகத்தலளவையில் வரும். சர்க்கரை போன்றவை பலக் கணக்கில் வரும். நம் மளிகைக் கடைக்காரர் கல்வெட்டுப் படித்ததில்லை. ஆனால் அவர் கை அந்தச் சாசனத்தின்படியே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விகிதம். ஐந்து பங்கு நெல் குத்தினால் இரண்டு பங்கு அரிசி என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் அமுதுபடிக்கு இத்தனை நெல் என்று கணக்கிடுகிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க நம்மிடம் வேறொரு சாட்சி உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடக் கணக்கில், ஒரு செவிடு என்பது 360 நெல். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு நாழி, அதாவது படி. பெருக்கினால் படிக்கு 14,400 நெல். அதே வாய்பாடு ஒரு படி அரிசிக்கு 38,000 என்றும், மிளகுக்கு 12,800 என்றும், அவரைக்கு 1,800 என்றும், எள்ளுக்கு 1,15,000 என்றும் சொல்லும். இனி சோழன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து படி நெல்லில் 72,000 மணி. உமியை உரித்தாலும் மணிக்கு மணி குறையாது. 72,000 அரிசி எத்தனை படி? 38,000-ஆல் வகுத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கல்வெட்டும் வாய்பாடும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைக்கின்றன! யாரோ ஒரு மகானுபாவர் எள்ளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், அல்லது எண்ணாமலே எண்ணுகிற உபாயம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். எதுவாயினும் வணக்கத்துக்கு உரியவர்.

இத்தனை அழகான முறைக்கு ஒரே ஒரு கேடு. அது அளக்கிறவன் கையில் இருந்தது.

படியில் அரிசியைப் போட்டுத் தலையை வழித்து அளக்கலாம். கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம். குவிக்கிற வழக்கம் இருந்த இடத்தில் பாத்திரத்தின் வாய்தான் சூட்சுமம். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மரக்கால்களில் ஒன்று நெடிதாகவும் குறுகலாகவும் இருக்கட்டும், மற்றது குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். அகலமானதன் தலையில் ஏறும் குவியல் மிகப் பெரிது. வாயின் அகலம் இரண்டு மடங்கானால் குவியல் எட்டு மடங்காகும். இது தவிர, உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகும், மெல்ல விட்டால் உப்பி நிற்கும். உள்ளே ஒரு கட்டை விரல் புகுந்தால் அதன் பருமன் அளவு மிச்சம். அடி தட்டிய படி, ஒடுங்கிய படி என்று வேறு இருக்கின்றன. ஊருக்கு ஊர் படி வேறு. பெரிய படி, சின்னப் படி என்று ஒரே ஊரில் இரண்டு. கம்பெனி சர்க்கார் 1846-ல் மரக்காலுக்கு 800 கன அங்குலம் என்று வரையறுத்தது. எட்டில் ஒரு பங்கு படி, அதாவது 100 கன அங்குலம். பட்டணத்தில் அது செல்லும். களத்து மேட்டில் மிராசுதார் வைத்ததுதான் மரக்கால்.

களத்து மேட்டில் நெல் அளப்பது ஒரு சங்கீதம் என்று நம் கதைகளில் வர்ணித்திருக்கிறோம். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று ராகம் போட்டுத் தொடங்குவார்கள். லாபம் யாருக்கு என்பதைத்தான் நாங்கள் அவ்வளவாக எழுதவில்லை. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணைகள் உண்டு. குத்தகை நெல் பெரிய மரக்காலில் உள்ளே போகும். கூலி நெல் சின்ன மரக்காலில் வெளியே வரும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். கணக்குப் புஸ்தகத்தில் பார்த்தால் ஒரு தவறும் தெரியாது.

1940-களில் கீழத் தஞ்சையில் பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்தபோது, சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அதோடு கூடவே அவர்கள் கேட்ட மற்றொன்று, கூலியை முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும் என்பது. படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றக்கூடும். அவர்கள் கூலியை உயர்த்தச் சொன்னது இருக்கட்டும், சொன்ன கூலியைச் சொன்னபடி கொடு என்பதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது கூலியை ரூபாயில் எழுதவில்லை, மரக்காலில்தான் எழுதினார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு இரண்டு மரக்கால் நெல், பெண்ணுக்கு ஒன்று. பெண்ணின் கை நட்ட நாற்று பாதிதான் விளையும் போலிருக்கிறது!

பிறகு 1968 டிசம்பர் 25 இரவு. கீழ வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அங்கே இருந்த சச்சரவுக்குப் பல முகங்கள் இருந்தன. ஆனால் ஜனங்கள் இன்று வரை அதை நினைவில் வைத்திருப்பது அரைப் படி நெல் என்ற சொல்லால். கூடுதலாக அவர்கள் கேட்ட கூலி அது. நம் வீட்டில் இரண்டு நாள் சமையலுக்கு அரிசி களையும்போது அதைவிட அதிகமாகவே போடுகிறோம்.

ஆகையால், படி போய்த் தராசு வந்ததற்காகக் கண்ணீர் விடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். தராசிலும் மோசடி இல்லையா என்றால், உண்டு. புளியை ஒட்டுவார்கள், கல்லைச் சுரண்டுவார்கள், அரிசியில் ஈரத்தையும் கல்லையும் சேர்ப்பார்கள். ஆனாலும் இரண்டு தட்டும் வாங்குகிறவன் கண்ணெதிரே தொங்குகின்றன. படிக்குள்ளே நடப்பது தெரியாது.

இவ்வளவும் விற்கிற இடத்துக்கும் கூலி கொடுக்கிற இடத்துக்கும் பொருந்தும். அடுப்பங்கரைக்கு வந்தால் நியாயம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே படி பெரிதா சிறிதா என்பதே கேள்வியில்லை. அரிசியை அளந்த பாத்திரத்தாலேயே தண்ணீரையும் அளந்தால் போதும். இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், அது பட்டணத்துப் படியானால் என்ன, திருநெல்வேலி நாழியானால் என்ன, கைப்பிடி ஒடிந்த காப்பிக் கோப்பையானால் என்ன? எதில் அளந்தாலும் இட்லி இட்லிதான். களத்து மேட்டில் அநியாயம் செய்த அதே கருவி அடுப்பங்கரையில் சாதுவாகிவிடுகிறது, ஏனென்றால் அங்கே கொடுப்பவளும் வாங்குபவளும் ஒருத்தியே.

அதனால்தான் 1962-ல் சட்டம் வந்த பிறகும் பெண்கள் அசையவில்லை. கடையில் கிலோக் கணக்கில் வாங்கி வந்து டின்னில் கொட்டி, ஆழாக்கால் முகந்து எடுத்தார்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' ஆழாக்குக் கணக்கில் எழுதிய புஸ்தகம். கலியாணமாகிப் போன பெண்களுக்கு அது சீதனத்தோடு சீதனமாகப் போயிற்று. ஆனால் வெண்கல ஆழாக்கு எல்லாப் பெட்டியிலும் போகவில்லை. டில்லியிலும் பம்பாயிலும், பிற்பாடு அமெரிக்காவிலும் குடித்தனம் வைத்தவர்கள், ஓர் ஆழாக்கு என்றால் எத்தனை கிராம் என்று கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி அங்கேதான் சிக்கலாகிறது.

நூறு கன அங்குலப் படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு. சுமார் 205 மில்லிலிட்டர். இது பாத்திரத்தின் அளவு. இதற்கு எத்தனை கிராம் என்று கேட்டால், எதைப் போட்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும். தண்ணீரானால் 205 கிராம். அரிசியானால் ஏறக்குறைய 170. சர்க்கரையும் அதற்குக் கிட்டத்தட்டத்தான். சலித்த கடலை மாவானால் 100-ஐத் தாண்டுவது கஷ்டம். அரிசியையே அரைத்து மாவாக்கினால், ஓர் ஆழாக்கு அரிசி ஒன்றரை ஆழாக்கு மாவாக உப்பி நிற்கும். எடை மாறவில்லை, இடையே காற்றுப் புகுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

என் சகோதரியின் பெண் ஒருத்தி மைசூர்பாகு செய்தாள். பாட்டி சொன்னது ஒன்றுக்கு இரண்டு: ஓர் ஆழாக்குக் கடலை மாவுக்கு இரண்டு ஆழாக்குச் சர்க்கரை. பெண் கெட்டிக்காரி, புது மாதிரித் தராசு வைத்திருந்தாள். நூறு கிராம் மாவுக்கு இருநூறு கிராம் சர்க்கரை நிறுத்துப் போட்டாள். ஒன்றுக்கு இரண்டு சரியாகத்தானே இருக்கிறது? பாட்டி கணக்கை எடையாக்கினால், நூறு கிராம் மாவுக்குச் சர்க்கரை கிட்டத்தட்ட 350 கிராம். தட்டில் வந்தது இனிப்பா, பசையா என்று மாப்பிள்ளை தீர்மானிக்க முடியாமல் மரியாதையாகச் சாப்பிட்டார். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் விகிதம் படிக்குச் சொன்ன விகிதம், தராசுக்குச் சொன்னதல்ல.

உப்பின் கதையும் இதுவே. ஒரு கரண்டிக் கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். அதே கரண்டியில் தூளுப்பு எடுத்தால் இடைவெளி நிரம்பி எடை ஏறிவிடும். கல்லுப்புக் காலத்துக் குறிப்பைத் தூளுப்பால் நிறைவேற்றிய வீடுகளில் சாம்பார் கரித்ததற்கு மருமகளின் கைராசி காரணமல்ல.

மேல்நாட்டாருக்கும் இந்தத் தலைவலி உண்டு. இங்கிலீஷ்காரர்கள் மாவைத் தராசில் நிறுப்பார்கள். அமெரிக்கர்கள் கிண்ணத்தில் முகப்பார்கள். கிண்ணத்தில் ஒருத்தி அமுக்கிப் போடுவாள், ஒருத்தி உதிர்த்துப் போடுவாள், ஒருத்தி குவிப்பாள். பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியில் ஃபானி ஃபார்மர் என்னும் அம்மையார் 1896-ல் ஒரு புஸ்தகம் போட்டார். கிண்ணமானாலும் கரண்டியானாலும் கத்தியின் முதுகால் தலையை வழித்துத்தான் அளக்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அதற்காக அந்தத் தேசமே அவரைக் கொண்டாடுகிறது. தலை வழித்து அளப்பதற்காக இங்கே மனிதர்கள் சங்கம் சேர வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், சாதத்தையும் இட்லியையும் படியிடம் விட்டுவிடலாம். மாவும் பாகும் சேர்கிற பட்சணங்களுக்குத் தராசு உத்தமம். இதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். பதம் கையில் அல்லவா இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. அந்தக் கையைக் கடிதத்தில் வைத்து டில்லிக்கு அனுப்ப முடியாதே!

பேச்சிலோ படி போகவே இல்லை. படி சட்டவிரோதமாகி ஐந்து வருஷம் கழித்து, 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்தது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். யாராவது மேடையில் ஏறி, ரூபாய்க்கு இத்தனை கிலோ இத்தனை கிராம் என்று சொல்லியிருந்தால் கூட்டம் கொட்டாவி விட்டிருக்கும். படி என்றதும் ஒவ்வொருவர் மனக்கண்ணிலும் ஒரு பாத்திரம் நிரம்பி நின்றது. எடைக்கு உருவமில்லை, படிக்கு உண்டு. கலியாண வீட்டில் இன்னும் நிறைநாழி வைக்கிறார்கள். நிறைகிலோ வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம்மைப் போலவே அரிசி தின்கிற ஜப்பானியர்களும் மெட்ரிக் அளவுக்கு மாறினார்கள். அவர்களுடைய பழைய ஆழாக்குக்கு 'கோ' என்று பெயர். சட்டப்படி அதற்கும் மங்களம் பாடியாயிற்று. ஆனால் மின்சாரத்தில் சாதம் வடிக்கும் பாத்திரத்தைச் செய்தபோது, கூடவே அரிசி அளக்க ஒரு சின்னக் கிண்ணத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். அது 180 மில்லிலிட்டர், அசல் கோ! லிட்டர் சட்டத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்ட அந்தக் கிழவர், கப்பலேறி நம் வீட்டு அடுப்பங்கரைகளுக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறார். பழைய புஸ்தகத்தை வைத்துக்கொண்டு ஆழாக்கு கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் அவரையே உபயோகித்துக்கொள்ளலாம். அவருடைய எட்டுக் கிண்ணம் நம்முடைய ஏழு ஆழாக்கு.